கலைமணி கட்டின ரெட்டைக் கன்னிப் பாட்டு

கலைமணியைக் கேட்டு இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். சாவு விழுந்த வீட்டில் இருந்து முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். ஒரகடம் கூட்ரோட்டில் ஃப்ரீசர் பாக்ஸ், சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். பாக்ஸ் பேசி முடிந்ததும், "கானா பாடக் கலைமணி அண்ணன் வருவாரா?" என்று கேட்பார்கள். வரமாட்டான் என்பேன். உடம்பு சரியில்லையா என்பார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவன் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. என் வண்டியில்தான் இப்போது பாக்ஸ் தூக்குகிறான். பாட்டை ஏன் விட்டான் என்பது கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற சங்கதி இல்லை.

வல்லம் வடகாலை ஒட்டின காலனியில் பிறந்தவன் அவன். அப்பா மாரிமுத்து அடுத்தவர் வயலுக்குத் தண்ணி கட்டின ஆள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. தண்ணி கட்டினவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கலைமணி எட்டாவதோடு நின்று, கார் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனான். காண்ட்ராக்ட்காரன் ஐந்து முறை மாறினான். சட்டை நிறம் மாறியது, துடைப்பம் மாறவில்லை. அவன் சம்சாரம் செங்கமலம் இன்னொரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள்.

மாரிமுத்து செத்த அன்று, பேசி வைத்திருந்த பாட்டுக்காரன் வரவில்லை. பாக்ஸ் என்னுடையது. ஜனம் சும்மா உட்கார்ந்திருந்தது. கலைமணி பாக்ஸ் ஓரமாகப் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பாட ஆரம்பித்தான். எந்த வயலுக்கு எந்த மடை, எந்த மடையில் எந்தப் பாம்பு, எல்லாம் வந்தது. எனக்குத் தொழில் இது, சாவு வீட்டில் நான் அழுவதில்லை. அன்றைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் படப்பை, மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர் சுற்று வட்டாரத்தில் அவன் பாடாத சாவு குறைவு. அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேர் வாங்குவது என்று சொல்வான். பாட உட்காருவதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவரைத் தனியாகக் கூப்பிடுவான். செத்தவர் பேர், பெத்தவங்க பேர், எந்த ஊரில் கல்யாணம் கட்டினது, எந்தப் பிள்ளை மேல் உசுரு, யாரோடு பேச்சு இல்லை, என்ன சாப்பிடப் பிடிக்கும், எல்லாம் கேட்பான். அவர்கள் வாயால் கொடுத்ததைத்தான் பாட்டில் வைப்பான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைக்கமாட்டான். "அவங்க வூட்டு சாவு, அவங்க குடுக்கணும் யாக்கோபு அண்ணே. நாம எடுக்கக் கூடாது" என்பான்.

அதை அவனே ஒரு நாள் மீறினான். ஒரே ஒரு நாள்.

படப்பைப் பக்கம் லூர்தம்மாள் என்கிற கிழவி இறந்திருந்தாள். மகன் வெளிநாட்டில் இருந்து வந்து சேரவேண்டும் என்று மத்தியானம் வரைக்கும் பெட்டியை எடுக்கவில்லை. கலைமணி பாடி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டு இருந்தான். மொபைல் கடை வைத்திருக்கிற பிரசன்னா அவன் பாட்டை எல்லாம் வீடியோ எடுத்துத் தன் சேனலில் போடுகிறவன். அவன்தான் போனை நீட்டினான்.

"இத்த பாத்தியா அண்ணே? நம்ம ஒரகடத்தாண்ட பொண்ணுக்குப் பொறந்தது. ரெண்டும் நெஞ்சோட நெஞ்சு ஒட்டிகினு கீது."

ஆஸ்பத்திரியில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படம். இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தன. போன் கைமாறிக் கைமாறிப் பந்தல் முழுக்கச் சுற்றியது. கிழவியை விட்டுவிட்டு ஜனம் அதைப் பார்த்தது.

"ரெண்டு வரி வுடு அண்ணே" என்றான் பிரசன்னா.

"புள்ளைங்க உசுரோட கீதா?"

"இத்தினி நேரத்துக்கு இருக்குமா இன்னா?"

"அப்பன் இன்னா வேல?"

"ஜேசிபி ஓட்டறான்."

கேட்டது அவ்வளவுதான். பேர் வாங்கவில்லை. கண்ணை மூடினான், பாட்டு வந்துவிட்டது. சாவுப் பாட்டு கட்டினவனுக்கு வேறு மெட்டு ஏது? செத்தவர்களுக்குப் பாடுகிற அதே இழுவையில், ஒரகடம் என்று ஊரைச் சொல்லி, தேதியைச் சொல்லி, அப்பன் தொழிலைச் சொல்லிப் பாடினான். நடுவில் இந்த இரண்டு வரி:

ஏழு கன்னி குந்தியிருந்த கொளத்த அவன் மூடினானே
ரெண்டு கன்னி ஒட்டிகினு நாயம் கேக்க வந்தாங்களே

அப்பன் எந்தக் குளத்தை மூடினான் என்று கலைமணிக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. இந்தப் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறவன் எவன் குளம் மூடவில்லை? எந்தக் குளத்துக் கரையில் கன்னிமார் கல் இல்லை? அந்த நினைப்பில் வந்து விழுந்த வரி. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பொம்பளைகள், கேட்டதே தோஷம் என்கிற மாதிரி, எழுந்து போய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்கள். பிரசன்னா அன்றைக்கே "கண்ணீர் அஞ்சலி" என்று தலைப்புப் போட்டு, அந்தப் படத்துக்கு மாலை வரைந்து ஏற்றிவிட்டான்.

குழந்தைகள் உயிரோடு இருந்தன. பிறந்து ஆறாவது நாள் அது.

பெற்றவள் பேர் தென்றல். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று சர்க்யூட் போர்டு சரி பார்க்கிற வேலை. புருஷன் ஸ்ரீதர். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் இருந்த அறைக் கண்ணாடிக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரி போனில் அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. முதலில் ஊர் பேர் காதில் விழுந்தது. அப்புறம் ஜேசிபி. அந்த அம்மாள் படத்தையும் பார்த்து, இவளையும் பார்த்து, போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாளாம். அதே நேரத்தில் ஊரில் ஸ்ரீதர் வீட்டு வாசலில் மாலையோடு நாலு பேர். மாமியார் கனகம் மருமகளுக்குப் போன் போட்டு, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அழுதிருக்கிறாள்.

கலைமணிக்கு இது மறுநாள் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் பிரசன்னா கடைக்குப் போனான். நானும் அங்கே இருந்தேன்.

"தூக்குடா அத்த."

"தூக்கிட்டேன் அண்ணே, காலையிலயே. ஆனா பதினேழு பேரு எடுத்துப் போட்டுகினு கீறாங்க. ஒருத்தன் பம்பை போட்டு மிக்ஸ் பண்ணி வுட்டுருக்கான். நான் இன்னா பண்றது?"

"ஒவ்வொருத்தனா கூப்ட்டு சொல்லு."

"சேலத்துல ஒருத்தன் கீறான், மலேசியாவுல ஒருத்தன் கீறான். யாரண்ணே எனக்கு அவனுங்க?"



இரண்டு குழந்தைக்கும் ஒரே இருதயம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தன. சின்னக் குழந்தைகளுக்கு எங்கள் பக்கம் பாட்டு கிடையாது, மேளம் கிடையாது, பாக்ஸ் கிடையாது. கையில் எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். நான் வண்டி மட்டும் கொடுத்தேன். சுடுகாட்டு ஓரத்தில் ஸ்ரீதரே மண்வெட்டியால் குழி வெட்டினான். பத்து வருஷமாக லீவரைப் பிடித்த கை, மண்வெட்டி பிடிக்கத் தடுமாறியது. வேறு யாரையும் தொட விடவில்லை. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒருவன் போனில் பாட்டு ஓடியது. நான் போய் ஒரு அறை விட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் ஸ்ரீதர் வீட்டை விட்டுப் போய்விட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கனகம் மருமகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் கையால் தண்ணி வாங்கிக் குடிப்பதை நிறுத்தினாள்.

கலைமணி அந்த மாதத்தில் எந்தச் சாவுக்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு நாங்கள் வந்தபோது என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். என் மகள் மதிவதனி எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும். அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு போனில் ஒன்றைக் காட்டினாள்.

"சித்தப்பா, நீங்க மட்டும் இல்ல. இங்கிலாந்துல நானூறு அம்பது வருஷத்துக்கு முன்னாடியே இந்த மாதிரி பாட்டு இருந்துச்சி. ஒட்டிப் பொறந்த புள்ளைங்கன்னா உடனே பாட்டு கட்டி ஒரே ஒரு தாள்ல அச்சடிச்சி, தெருத்தெருவா பாடி விப்பாங்க. பாருங்க, படம் கூட."

பார்த்தான். கறுப்பு மையில் இரண்டு குழந்தைகள், கட்டிப் பிடித்தபடி.

"இன்னா எழுதிக் கீது?"

"ஊர் பேரு. பொறந்த தேதி. அப்பா பேரு, அம்மா பேரு. கல்யாணம் கட்டித்தான் பொறந்துச்சின்னு கூட போட்டுருக்காங்க. கடைசியில, இது கடவுள் காட்டுன அடையாளம், எல்லாரும் திருந்துங்கன்னு வரும்."

"புள்ளைங்க பேரு?"

மதிவதனி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இதுல இல்ல சித்தப்பா."

"கட்டுனவன் அப்பால போயி, நான் பாடுனது தப்புன்னு இன்னொரு தாளு அடிச்சானா?"

"நான் பாத்த வரைக்கும் அப்பிடி ஒண்ணும் இல்ல."

அவன் எழுந்து சட்டையைத் தட்டினான். "அப்ப அந்த ஆத்தாக்காரிய எவனும் போயி பாக்கல" என்றான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். நிற்கவில்லை.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தென்றல் வீட்டுக்குப் போனான். புதுப் பாட்டு கட்டப் போகிறானாம். பழையதை மறுத்து, அவர்கள் மேல் குற்றம் இல்லை என்று. இந்த முறை முறையாகப் பேர் வாங்கிக்கொண்டு.

தென்றல் வேலைக்குத் திரும்பிப் போக ஆரம்பித்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டு இருந்தாள். யார் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானா அது?"

"நான்தாம்மா."

"பாடு."

கலைமணி என்னைப் பார்த்தான்.

"ஊரே கேட்டுச்சி. எனக்கு நேருல பாடு. பஸ் வர்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் கீது."

அவன் பாடவில்லை. சொன்னான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு. குளத்து வரி வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத்த யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானா போட்டது. பாட்டுக்காக."

"பாட்டுக்காக" என்று அவளும் ஒருமுறை சொன்னாள். "அவரு மூணு வேள சோறு துன்னல. அப்பால ஒரு நாளு எழுந்து, நான் பக்கத்துல இருந்தா உனக்கும் எதனா ஆவும்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. உன் வாயில வந்தது சாமி வாக்குன்னு நெனச்சிகினு கீறாரு. இப்ப எனக்குப் புதுப் பாட்டு கட்டித் தரப் போறியா?"

"தப்புதாம்மா. பேரு குடுத்தீங்கன்னா..."

"பேரெல்லாம் தர முடியாது. அது எங்களுக்கு. நீ ஒண்ணு பண்ணு. அவரு மணிமங்கலம் ரோட்டுல வேல செய்யறாராம். போயி, இது நானா போட்ட பொய்யின்னு அவரு மூஞ்சப் பாத்து சொல்லு. இட்டுகினு வா. அவ்ளோதான் எனக்கு வோணும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் என் வண்டியிலேயே மணிமங்கலத்துக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோடு அகலப்படுத்துகிற இடத்தில், புளியமரம் வெட்டின பள்ளத்துப் பக்கம் ஸ்ரீதர் நின்றுகொண்டிருந்தான். வண்டி ஓட்டவில்லை. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி காட்டுகிற வேலை. ஜேசிபியில் ஏறுவதில்லையாம். தாடி வளர்ந்து, வெயிலில் காய்ந்து, முப்பத்திரண்டு வயசுக்காரன் என்னைவிடக் கிழவனாகத் தெரிந்தான்.

கலைமணி சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, அந்தப் பாட்டு நான் கட்டினது. கொளம், கன்னிமாரு, எல்லாம் பொய்யி. எனக்கு உன்னத் தெரியவே தெரியாது. நான் சொன்னது எதுவும் நடக்கல."

ஸ்ரீதர் கோபப்படவில்லை. மரியாதையாகப் பேசினான்.

"நடந்துச்சி அண்ணே. ஓ.டி.யில மூடுனேன். குடோன் கட்ட. கன்னிமாரு கல்ல ஜேசிபி பக்கெட்டுல அள்ளி ஓரமாத்தான் வெச்சேன். லாரிக்காரன் மண்ணோட ஏத்திகினு போய்ட்டான்."

"இந்தப் பக்கம் எல்லாரும்தான் மூடறாங்க. அதான் போட்டேன்."

"ஏழுன்னு பாடினீங்களே."

"கன்னிமாருன்னா ஏழுதானப்பா."

"அந்தக் கரையில ஆறு கல்லுதான் இருந்துச்சி. ஊருக்கே ஆறுதான் தெரியும். ஒண்ணு எந்தக் காலத்துலயோ மண்ணுல பூந்துட்டு இருந்துகீது. நான் தோண்டும்போதுதான் பக்கெட்டு பல்லுல மாட்டிகினு மேல வந்துச்சி. நான் ஒருத்தன்தான் பாத்தேன். பொண்டாட்டி கிட்ட கூட சொல்லல." கொடியை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "ஏழுன்னு உங்களுக்கு எப்பிடி தெரிஞ்சிது?"

கலைமணி திரும்பத் திரும்ப அதையே சொன்னான்: கன்னிமார் எங்கேயும் ஏழு, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார். செத்துப்போன அப்பா மேல் சத்தியம் பண்ணினான். நான் ஆண்டவர் பேரில் சொன்னேன். ஸ்ரீதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"நீங்க நல்ல மனுஷன் அண்ணே. எனக்காகப் பொய் சொல்றீங்க. அது உங்க வாயில வந்துச்சி, அவ்ளோதான். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

எதிரில் லாரி வந்தது. சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ரோட்டு நடுவில் போய் நின்றான். நாங்கள் அரைமணி நேரம் காத்திருந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் தென்றலுக்காகக் கலைமணி நின்றான். நான் வண்டிக்குள் இருந்தேன். அவள் இறங்கி, அவனைப் பார்த்து, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"வரலயா?"

"வரலம்மா. எல்லாம் சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

ஏழாவது கல்லைப் பற்றிச் சொன்னான். மறைத்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நெஜமாவே உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கலைமணி தெரியாது என்று தலையாட்டினான். அவள் நம்பினாளா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அதற்கப்புறம் கனகம் மகனைத் தேடிப் போய் அவனோடேயே தங்கிவிட்டாள். தென்றல் இப்போது வேலை செய்கிற பெண்களோடு வல்லத்தில் ஒரு ரூமில் இருக்கிறாள் என்று கேள்வி.

கலைமணியைக் கம்பெனி வேலையில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆறாவது தடவை மாறியபோது லிஸ்ட்டில் பேர் இல்லை. "வாய்தான் போச்சி, கையாவது இருக்கட்டும், யாக்கோபு அண்ணன் கிட்ட போ" என்று செங்கமலம்தான் அனுப்பி வைத்தாள். பாக்ஸை இறக்குவான், ஒயரை மாட்டுவான், குளிர் ஏறுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பான். பாட்டுக்காரர்கள் வந்தால் வண்டிக்குப் போய்விடுவான்.

போன மாதம் வாலாஜாபாத் பக்கம் ஒரு சாவு. நடுப்பகல். பாக்ஸை வைத்துவிட்டு நான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பாட வந்தவன் இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல குரல். செத்தவருக்குப் பாடி முடித்ததும் யாரோ கேட்டார்கள், ரெட்டைக் கன்னிப் பாட்டு பாடு என்று. பாடினான். ஊர் ஒரகடம் இல்லை, வேறு ஏதோ ஊர். தேதியும் வேறு. அப்பன் தாய்க்கும் தங்கைக்கும் சோறு போடாதவன் என்று புதிதாக நாலு வரி சேர்ந்திருந்தது. அந்த இரண்டு வரி மட்டும் அப்படியே.

வண்டியில் இருந்த கலைமணி இறங்கி வந்தான். பாட்டு நிற்கும்வரைக்கும் பொறுமையாக நின்றான். அப்புறம் அந்தப் பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினான்.

"தம்பி, அத்தப் பாடாத. அது பொய்யி."

பையன் அவன் சட்டையைப் பார்த்தான். என் கடைப் பேர் போட்ட சட்டை.

"பெரியவரே, உங்களுக்கு இன்னா தெரியும்? எங்க மாமா ஊர்ல நடந்தது இது. நேருல பாத்தவங்க கீறாங்க."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். ஒரு பொம்பளை தானே அந்தக் குளத்தைப் பார்த்திருப்பதாகச் சொன்னாள். கலைமணி அவளிடம், "எத்தினி கல்லும்மா?" என்று கேட்டான்.

"ஏழு" என்றாள் அவள்.

அவன் எழுந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.